டிராயிங் மாஸ்டர் நடத்திய கல்யாணம்

கல்யாண வீட்டுக்குள் யாரை வேண்டுமானாலும் விடலாம். சீட்டு ஆடுகிறவரை விடலாம், கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவரை விடலாம், கடன் கொடுத்தவரைக்கூட விடலாம். ஓவிய ஆசிரியரை மட்டும் விடக் கூடாது. விட்டால் வாழைமரத்தைப் பார்த்து, "இந்தப் பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்பார். நான் அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அக்கா மகளுக்கு ஒரே தாய்மாமன். மதுரையில் நடந்த அவள் கல்யாணத்துக்கு இந்த இரண்டு தகுதிகளில் எது தேவைப்பட்டது என்பதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். வந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

எனக்கு ஒரு பழைய பெருமை உண்டு. தெர்மாகோல் காலத்தில் எங்கள் பகுதி மண்டபங்களில் மணவறைக்குப் பின்னால் தொங்கிய மணமக்கள் பெயர்களில் பெரும்பாலானவை என் கைவேலை. மின்சாரத்தில் சூடேற்றிய கம்பியைத் தெர்மாகோலில் இறக்கி எழுத்தை அறுப்பேன். பசை தடவி ஜிகினாத் தூள் தூவுவேன். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு புறா. புறாவுக்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை. பிறகு பிளெக்ஸ் வந்தது, என் புறாக்களுக்கு வேலை போனது. அந்த வருத்தத்தில் இருந்தவனிடம் போய் அக்கா மகள், "மாமா, மேடை சிம்பிளா, நம்ம ஊர் கல்யாணமா இருக்கணும். கொஞ்சம் நம்ம டச் இருந்தாப் போதும்" என்றாள்.

'போதும்' என்ற வார்த்தைக்கு முன்பே நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அன்று ராத்திரியே சார்ட் பேப்பரில் வண்ணச் சக்கரம் வரைந்தேன். மாந்துளிரின் செம்பு நிறம், சந்தனம், வெளிர்பச்சை. அழைப்பிதழிலிருந்து தாம்பூலப் பை வரை இந்த மூன்றைத் தாண்டி எதுவும் கிடையாது என்று முடிவு செய்தேன். நிறங்களை வட்டமாக அடுக்கும் யோசனை 1704-இல் வந்த நியூட்டனின் ஒளியியல் நூலிலேயே இருக்கிறது என்று மச்சானுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம்னு அந்த வட்டத்துல போட்டிருக்கா?" என்றார். மச்சானுக்குக் கலை ஆர்வம் குறைவு என்று அன்று நினைத்தேன்.

முதலில் அழைப்பிதழில் கை வைத்தேன். ஒரு மூலையில் நீர்வண்ணத்தில் மாவிலைக் கொத்து, நடுவில் மணமக்கள் பெயர், கீழே நாளும் மண்டபமும். மற்ற இடமெல்லாம் வெறுமை. வடிவத்தைப் பார்த்த சிவகாசி அச்சகக்காரர், "மீதி மேட்டர் எப்ப சார் அனுப்புவீங்க?" என்று போனில் கேட்டார். மீதி கிடையாது என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாவம், எத்தனை ஆயிரம் குடும்பங்களின் பெயர்களை எழுத்துக் கோத்தவரோ!

நம் அழைப்பிதழ் என்பது வரவழைக்கும் தாள் மட்டும் இல்லை. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, அவர்கள் பூர்வீக ஊர், பெரியப்பா வாங்கிய பட்டம், சித்தப்பா பார்த்த உத்தியோகம், கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று ஒரு நீண்ட வரிசை. யார் பெயர் முதலில், யார் பெயர் யாருக்குக் கீழே என்பதற்குள் ஒரு குடும்பத்தின் நாற்பது வருஷ வரலாறு இருக்கும். அதை முழுக்க அழித்துவிட்டு, "வெற்றிடம் இருந்தாத்தான் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்" என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "கண்ணு ஓய்வெடுக்கட்டும். நாங்களும் அன்னைக்கு வீட்டுலயே ஓய்வெடுத்துக்கிறோம்" என்றார் அவர்.

அவசரமாக ஒரு தனித்தாள் அடித்து, எல்லாப் பெயர்களையும் நெருக்கி அடைத்து, அழைப்பிதழுக்குள் செருகினோம். பெயர்கள் அதிகமாகி, தாள் அழைப்பிதழைவிட நீளமாகி, வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் அந்தத் தாளைத்தான் படித்தார்கள். மாவிலைக் கொத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் வழியில்லை. கொடுப்பதற்கு முன்னால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும் என்பதை மறந்து, மூலையில்தான் வரைந்திருந்தேன். கரைத்த மஞ்சளில் கட்டைவிரலைத் தொட்டு அக்கா ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே போனாள். ஈரத்தாளில் வண்ணத்தைப் பரவவிடும் உத்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நான் வருஷக்கணக்கில் பட்ட பாட்டை, அவள் டீ குடித்துக்கொண்டே செய்தாள்.

முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனபோது, நான் நிற அட்டையைக் கையோடு கொண்டுபோனேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டிருந்தேன். அக்கா மகள் ஒரு புடவையைப் பிரித்ததும் அட்டையை அதன்மேல் வைத்தேன். அரக்காகத் தெரிந்தது. மடிப்பைத் திருப்பினால் பச்சை. சற்றுத் தள்ளி நின்றால் செம்பு. பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம் என்று நெய்த பட்டு அது. ஆள் அசைய அசைய நிறமும் அசையும். உடலும் கரையும் சேரும் இடத்தைக் கோர்வை என்று காட்டினார்கள். கரைக்குத் தனி நாடா, அதைத் தள்ளுவதற்குத் தறியின் ஓரத்தில் இன்னொரு ஆள். எதிரெதிர் நிறங்களை ஒட்டுத் தெரியாமல் பூட்டுகிற வேலை. வண்ணச் சக்கரத்தில் எதிரும் புதிருமாக இருக்கும் நிறங்களைப் பற்றி நான் போர்டில் எழுதியதையெல்லாம் இவர்கள் தறியிலேயே போட்டுவிட்டிருக்கிறார்கள்.

"இதை என்ன நிறம்னு எழுதிக்கிறது?" என்றேன்.

"எழுதிக்காதீங்க சார். பாப்பா கட்டிக்கட்டும்" என்றார் கடைக்காரர்.

இதே ஊரில் ஒரு நீலத்துக்கு எம்.எஸ். புளூ என்று பெயர். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலம், அந்தப் பாடகியின் பெயரிலேயே கடை கடையாக இன்னும் விற்கிறது. ஆள் பேரில் நிறத்தைக் கூப்பிடுகிற ஊருக்கு நான் எண் போட்ட அட்டையோடு போயிருந்தேன்.

அதோடு விட்டேனா? புடவைக்குப் பொருத்தமாக மேடைத் திரைக்குத் துணி எடுத்தேன். கடையின் வெள்ளை விளக்கில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. மண்டபத்து மஞ்சள் விளக்கில் புடவை தகதகத்தது, திரை சுத்தமான காவியாகிவிட்டது. சாயம் வேறு வேறாக இருந்தால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணிகள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோகும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நிறம் கண்ணை ஏமாற்றுகிற இன்னொரு விதமும் தெரியும். பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர், கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கும் நிறத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, 1839-இல் புத்தகமே போட்டார். அவரைப் பற்றி வகுப்பில் கதை கதையாகச் சொன்னவன் நான். அலங்காரம் செய்ய வந்த பையன் புத்தகம் எதுவும் படிக்காமலே சொன்னான்: "அண்ணே, ஆசிரமம் மாதிரி இருக்கு."

சொந்தக்காரப் பெண்களுக்கும் நிறம் சொல்லி அனுப்பினேன். எல்லாரும் மாந்துளிர் நிறத்தில் வந்து மேடையில் ஏறினால் போட்டோ எப்படி இருக்கும்! அட்டையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஒரே படம் ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு நிறமாகப் போய் இறங்கியிருக்கிறது. ஒருத்திக்கு வெங்காயத்தோல், ஒருத்திக்குப் பாக்கு நிறம், வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்த பெரியம்மாவுக்குக் கத்தரிப்பூ. அத்தைக்கு இந்த வம்பே இல்லை. வாடாமல்லியில் வந்து இறங்கினார். "படத்தைப் பார்த்தேன்ப்பா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்கிட்ட இருக்கிறதுல இதுதான் நல்ல புடவை" என்றார். அதற்கு வண்ணச் சக்கரத்தில் பதில் இல்லை.

அடுத்து பூ. தை மாத முகூர்த்தம். பனியில் மல்லிகை விளைச்சல் சுருங்கி, அதே நேரத்தில் ஊரெல்லாம் கல்யாணமாகி, கிலோ விலை ஆயிரங்களில் ஏறி நிற்கும் காலம். மேடைக்கு மல்லிகையே வேண்டாம் என்று நான் சொன்னபோது மச்சானுக்கு முதன்முறையாக என் கலையில் நம்பிக்கை வந்தது. ஓசூரிலிருந்து வெளிர்நிற ரோஜா, ஜிப்ஸிப் பூ, அப்புறம் ஆள் உயரத்துக்குக் காய்ந்த பாம்பஸ் புல். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வழக்கமாகப் பூக் கொடுக்கும் அம்மாவிடம் பட்டியலை நீட்டினேன். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லிகைக்குச் சொந்தமான ஊரில், அந்த மல்லிகைக் குவியல்களுக்கு நடுவில் நின்றுகொண்டு.

"மதுரையில கல்யாணம். மல்லி வேணாமா?"

"இது வேற தீம்மா."

"தீமைப் பொண்ணு தலையில வச்சுக்குமா?"

தலைக்கு மட்டும் மல்லிகை வாங்கினேன்.

பாம்பஸ் புல் மணவறையின் இரண்டு பக்கமும் கம்பீரமாக நின்றது, மச்சானின் அம்மா வருகிற வரைக்கும். சக்கர நாற்காலியை மேடைக்குக் கீழே நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மாடு தின்னாத காஞ்ச கோரையை எதுக்குப்பா மணவறையில சொருகி வச்சிருக்கான்? பச்சையா ஒண்ணும் கிடைக்கலையா?" என்றார். விலையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த அரை மணி நேரத்தில் கோரை போய் அந்த இடத்தில் கமுகம்பாளை வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வாசல் வளைவு விஷயத்தை மட்டும் என் மனைவி இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இளம் தென்னங்குருத்தில் நானே ஒரு மடிப்பை உண்டாக்கி, ராத்திரி உட்கார்ந்து மடித்து, விடியும் முன்னால் வாசலில் கட்டிவைத்தேன். சந்தனமும் வெளிர்பச்சையும் கலந்த அந்தக் குருத்து நிறம் என் சக்கரத்தில் அப்படியே உட்கார்ந்தது. வாழைமரம் கட்ட வந்த பெரியவர் கீழே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசிக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவர் குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர், இது யாரு சொல்லிக் கொடுத்த மடிப்பு?" என்றார்.

"நானே யோசிச்சது."

"நம்ம பக்கம் இதைக் கேத வீட்டுக்குத்தான் மடிப்போம். மாப்பிள்ளை வீட்டாளுக வர்றதுக்குள்ள எறக்கிருவோமா?"

கல்யாணத்துக்கு ஒரு மடிப்பு, சாவுக்கு ஒரு மடிப்பு என்று ஓலையிலேயே பிரித்து வைத்திருக்கிற ஊரில், அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மடித்திருக்கிறேன். பெரியவர் அதே குருத்துகளைப் பிரித்து, பேசிக்கொண்டே வேறு விதமாக மடித்து, தோரணமாகக் கோத்துக் கட்டினார். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது நான்தான், என் மனைவியிடம், பலவீனமான ஒரு நேரத்தில்.

பந்தியில் எனக்கு ஒரு வெற்றி கிடைத்தது. மேசையில் வழக்கமாக விரிக்கும் வெள்ளைத் தாளுக்குப் பதிலாக, பள்ளி விழாக்களில் நான் காலமெல்லாம் தோரணம் விட்ட கிரேப் பேப்பரைச் செம்பு நிறத்தில் விரிக்கச் சொன்னேன். மேலே இலை. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் சாயம் மெல்லக் கிளம்பியது. ரசம் வந்தபோது ஓடத் தொடங்கியது. கிரேப் பேப்பரை நனைத்துச் சாயம் இறக்குவது எட்டாம் வகுப்பில் நானே செய்து காட்டும் வேலை. பந்தி முடிந்து எழுந்தவர்களின் முழங்கை, வேட்டி, புடவை முந்தி எல்லாவற்றிலும் மாந்துளிர். வாட்ஸாப்பில் கெஞ்சியும் நடக்காத காரியம் அந்த ஒரு பந்தியில் நடந்தது. இரண்டு குடும்பமும் ஒரே நிறத்தில் இருந்தன.

தாம்பூலப் பையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து கடைகண்ணியெல்லாம் மஞ்சள் துணிப்பை பற்றிய பேச்சு. என் மூன்று நிறத்தில் மஞ்சள் இல்லாததால் சந்தன நிறத்தில் பை தைத்தேன். தேங்காய்க்குப் பதிலாக நாவல், நெல்லி மரக்கன்றுகள். திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் பஸ் ஏறுகிறவர் மடியில் மரக்கன்றை வைத்துக்கொண்டு எப்படிப் போவார் என்று நான் யோசிக்கவில்லை. வந்தவர்கள் பையைத் திறந்து, தேங்காயைத் தேடி, வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு, கன்றை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிய அம்மா தன் வீட்டு வாசலுக்கென்று இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த இரண்டும் மரமாகும். மீதி என் மொட்டைமாடியில் இருக்கின்றன. நாவல் மரத்துக்கு மொட்டைமாடி போதாது என்பது நெல்லிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, சுருங்கிக்கொண்டே வருகிறது.

இனி மாலை. தாய்மாமன் மாலை என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். அக்கா எனக்கென்று வைத்திருந்த ஒரே வேலையும் அதுதான். "நல்ல செவப்பு ரோஜாவுல கனமாக் கட்டச் சொல்லு" என்றாள். சிவப்பு என் பட்டியலில் இல்லை. ஆனாலும் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் சொல்லியிருந்தேன். பூக்கார அம்மா மரிக்கொழுந்து வைத்து, தோளிலிருந்து முழங்கால் வரை வருகிற மாதிரி கட்டி, மற்ற பூக்களோடு அதிகாலையிலேயே மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்.

அலங்காரப் பையன்களிடம் முந்தின ராத்திரி நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: "பட்டியல்ல இல்லாத நிறம் எது கண்ணுல பட்டாலும் மேடையை விட்டு எடுத்துருங்க." அதுவரை நான் சொன்ன எதையும் கேட்காத பையன்கள் இதை மட்டும் கேட்டார்கள்.

ஐயர், "தாய்மாமன் எங்கே? மாலையோட வாங்கோ" என்று கூப்பிட்டபோது நான் மேடைக்குப் பின்னால் நின்று, காவியாகிப்போன திரையில் ஒரு சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன். மாலை இல்லை. பூக்கூடையில் இல்லை, பெண் அறையில் இல்லை, பாத்திரக் கூடத்தில் இல்லை. மைக்கில் இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். நாதஸ்வரக்காரர் தர்மசங்கடமாக ஒரு பாட்டை நீட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு வாண்டுப்பயல் வாசலைக் காட்டினான். மண்டப வாசலில் இருக்கிற பிள்ளையார், கழுத்திலிருந்து பாதம் வரை என் மாலையோடு, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

சாமிக்குச் சாத்தியதைக் கழற்றலாமா என்று நான் கையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றேன். பின்னாலேயே வந்த அக்கா, "அவருக்குப் போட்டு எடுத்ததுன்னா இன்னும் விசேஷம்தான். கும்பிட்டு எடுத்துட்டு வாடா" என்றாள். எடுத்துக்கொண்டு ஓடினேன். பிள்ளையாரின் விபூதியும் சந்தனமும் பட்ட மாலையை அக்கா மகள் கழுத்தில் போட்டபோது, அரக்கும் பச்சையும் செம்புமாக மாறிக்கொண்டிருந்த பட்டின்மேல் விபூதி உதிர்ந்தது. அவள் தலையைக் குனிந்தபடியே, "மாமா, இது உங்க சார்ட்டுல இல்லாத கலராச்சே" என்றாள். சிரிப்பை அடக்கியதில் நெற்றிச்சுட்டி ஆடியது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லாததால் முதன்முறையாகக் கல்யாணத்தைப் பார்த்தேன். மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் தயாராக நின்றாள். ஓய்வெடுப்பதாகச் சொன்ன சித்தப்பா வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பன்னீர்ச் செம்புக்கு இரண்டு குழந்தைகள் சண்டை போட்டன. மொய் நோட்டைப் பெரியப்பாவைத் தவிர யாரும் தொடவில்லை. பந்தலில் ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஒருவர் பேரில் இருந்தது. அக்கா மகள் கேட்ட 'நம்ம டச்' இதுதான் போலிருக்கிறது. எனக்கும் ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் கை வைத்திருந்தேன்.

ஆல்பம் வந்தது. ஆவலோடு புரட்டினேன். பெண் மாப்பிள்ளை முகம் தெளிவு, மாலையில் ஒவ்வொரு இதழும் தெளிவு. மேடை மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. பின்னால் செம்பும் சந்தனமுமாக ஏதோ புகை. போட்டோகிராபரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் லென்ஸைக் காட்டி, திறப்பை அகலமாக வைத்தால் ஆளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கலங்கித்தான் தெரியும், இப்போது எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று விளக்கினார்.

"எஃப் எட்டுல வச்சிருந்தா உங்க டெக்கரேஷன் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும் சார். ஆனா அதுக்குப் பின்னாடி நின்னு நீங்க பையன்களைத் திட்டிக்கிட்டு இருந்ததும் சேர்ந்து தெரிஞ்சிருக்கும்."

கலங்கலாகவே இருக்கட்டும் என்று சொல்லி, பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.